காய்கறிக்கு வழியில்லாத ஊரா இது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிக்கனச் சமையல் பகுதியில், “ராமநாதபுரம் போன்ற வறண்ட கடலோர மாவட்டங்களில் காய்கறிக்கு வழியில்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி. கீழே புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய், காஷ்மீரி மிளகாய்த் தூள். இதற்குப் பெயர் சிக்கனமா?

ஐப்பசி மழை விழுந்ததும் எங்கள் மாவட்டத்தின் கமுதி, முதுகுளத்தூர்க் கரிசலில், பாகற்காய் போலக் கசக்கும் சின்னஞ்சிறு அதலைக்காயின் கொடி தானாகப் படர்வது தாங்கள் அறியாததல்ல. கடற்கரைச் சந்தைகளுக்கும் அந்தக் காய் வருகிறது. நாலு பேருக்குக் கால் கிலோ போதும். பிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும். முற்றினால் விதை கடுக்கும். அன்றே சமைக்க வேண்டும். பையில் கட்டி வைத்தால் வெடித்துவிடும். கத்தியே வேண்டாம். காம்பையும் நுனியையும் மட்டும் கிள்ளி, முழுதாகவே போடுங்கள்; நறுக்கினால் கசப்பு ஏறும். மூன்று கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, முண்டு மிளகாய் தாளித்து, சிறுதீயில் தோல் சுருங்கும்வரை வதக்க வேண்டும். மூடி போட்டால் ஆவி நீர் இறங்கிக் குழைந்துபோகும். பிறகு காய்க்குச் சரிபாதிக்குக் குறையாமல் சின்ன வெங்காயம். அதன் இனிப்புதான் கசப்பை அடக்கும், சர்க்கரை அல்ல. உப்பு கடைசியில். இறக்கும்போது வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி பொடித்துத் தூவினால் முடிந்தது. குதிரைவாலிச் சோறும் ரசமும் கூட இருந்தால் வேறென்ன வேண்டும்? குதிரைவாலிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். மூன்று விட்டால் களிதான்.

எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தங்கள் இதழில் மட்டும் இன்னும் காஷ்மீரி மிளகாய்! முன்பொரு முறை முருங்கைக்கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொன்னீர்கள். சத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போகாதா? ஈர்க்கை உருவிவிட்டு, கீரைக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். எங்கள் மாவட்டத்தைப் பற்றி எது எழுதினாலும் வெடித்த கண்மாய்ப் படம்தான் போடுகிறீர்கள். தை மாதத்துப் பனங்கிழங்கும் கோடையில் காய்த்துத் தொங்கும் முருங்கையும் ஒருமுறைகூடப் படத்தில் வந்ததில்லை. மனம் நோகிறது ஐயா.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சமையல் குறிப்பின் கீழே, அந்தக் காய் எந்தத் தமிழ் மாதத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு வரி போடுங்கள். அளவைக் ‘கப்’ கணக்கில் சொல்லாமல் கிராமில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, தேவிபட்டினம்