அனுப்புகிறவருக்கும் உதவுங்கள்

வடக்கு அயர்லாந்துக்கான சரக்குப் போக்குவரத்தைக் கவனிக்கும் பிரித்தானிய அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெல்ஃபாஸ்டில் சின்ன மளிகைக் கடை நடத்துகிறேன். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 ஜனவரியில் ஐரிஷ் கடலில் ஒரு சுங்கக் கோடு விழுந்தது; கடலுக்கு அந்தப் பக்கமிருந்து எங்களுக்கு வரும் சரக்குக்கும் படிவம் வேண்டியதாயிற்று. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் 2023இல் ஒன்றியத்தோடு வின்ட்சர் ஏற்பாடு என்ற உடன்பாடு வந்தது. இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பர்மிங்காமிலிருந்து எங்களுக்குச் சரக்கு அனுப்பிவந்த மொத்த வியாபாரி நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, பாக்கி இல்லை. "உங்கள் ஒரு லோடுக்காக இவ்வளவு எழுத என்னிடம் ஆள் இல்லை, குறை நினைக்காதீர்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய், அப்பளம், தயிர், பன்னீர் என்று எல்லாமே இரண்டு பெட்டி, மூன்று பெட்டிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சுங்கக் குறியீட்டு எண், எடை, விலை, எந்த நாட்டில் செய்தது என்ற விவரம் வேண்டும், பன்னீர் பாக்கெட்டில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்ற லேபிளும் இருக்க வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. கடுகும் வெந்தயமும் விற்கிறவர் யாரை வைப்பார்?

சுங்க அறிவிப்பை இலவசமாகப் பதிந்து தர ஒரு சேவை வைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சேவை கேட்கும் விவரமெல்லாம் அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. வின்ட்சர் ஏற்பாடு தரும், சோதனையும் படிவமும் குறைந்த எளிய வழியில் உணவுப் பொருளைக் கொண்டுவர அவரும் பதிவு செய்தாக வேண்டும். வாங்குகிற எனக்கு உதவி செய்துவிட்டு, அனுப்புகிறவரை அப்படியே விட்டால் சரக்கு எப்படிக் கப்பலேறும்? அவருக்கும் உதவுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வேன் எந்தச் சுங்கப் படிவமும் இல்லாமல் எங்கள் கடை வாசலுக்கு வருகிறது. வரி கட்டுவது உங்களுக்கு, ஆனால் உங்கள் ஊர்ச் சரக்குதான் எங்களுக்கு எட்டாமல் போகிறது. இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது, மன்னியுங்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும் உங்கள் குடிமக்கள்தானே?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பிரித்தானியாவில் இருக்கும் சிறு மொத்த வியாபாரிகள் தங்கள் பொருட்பட்டியலை ஒருமுறை சரியாகத் தயாரிக்க ஆகும் செலவைத் தாருங்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட, அந்த வியாபாரியின் கோப்பைத் தெரிந்த ஒரு அதிகாரியை நியமியுங்கள். முடியும், முடியாது, எதுவானாலும் எழுத்தில் பதில் தாருங்கள், அதை எங்கள் பர்மிங்காம் வியாபாரியிடம் காட்டி மறுபடி பேசிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெல்ஃபாஸ்ட் மளிகைக் கடைக்காரன்