கைச்சரத்தில் ஒரு டீ

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். என் காது மட்டும் மந்தம்.

பேத்தி உனக்காகக் கோத்த கைச்சரம் அழகு. உருண்டை மணி புள்ளி, நீள மணி கோடு என்று அவளே பிரித்துக்கொண்டாளாமே, கெட்டிக்காரி! 'டீ' என்ற ஆங்கிலச் சொல்லை மோர்ஸில், அதாவது எங்கள் தந்தியின் புள்ளி-கோடு குறியில், கோத்தது உனக்குப் பொருத்தம்தான். ஆனால் தந்தி ஆபீஸில் காலம் தள்ளிய என் கண்ணுக்கு அது 'எக்ஸ்' என்றல்லவா தெரிகிறது!

டி ஒரு கோடு, இ ஒரு புள்ளி, ஏ ஒரு புள்ளியும் கோடும். ஒட்டிக் கோத்தால் கோடு, புள்ளி, புள்ளி, கோடு. அதுதான் எக்ஸ். அட்டவணையைப் பார்த்து மாற்றுகிறவர்கள் இடைவெளியை விட்டுவிடுவார்கள். எங்களுக்கு அதிலும் கணக்கு உண்டு: கோடு மூன்று புள்ளி நீளம், எழுத்துக்கு எழுத்து மூன்று புள்ளி நேரம் மௌனம், சொல்லுக்குச் சொல் ஏழு.

பழைய அமெரிக்க மோர்ஸில் இன்னும் வம்பு. அதில் ஓ என்பது நடுவில் சற்று இடைவெளி விட்ட இரண்டு புள்ளி. நெருக்கி அடித்தால் ஐ. கை கொஞ்சம் அவசரப்பட்டால் எழுத்தே மாறிவிடும். 1848-இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் கெர்கே அந்த உள் இடைவெளிகளை ஒழித்தார். பிறகு 1865-இல் வந்த சர்வதேச மோர்ஸில் ஓ மூன்று கோடானது. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி என்று மோர்ஸும் அவர் கூட்டாளி வெய்லும் போட்ட கணக்கு அந்த ஓவில் அடிபட்டது உண்மை. ஆனாலும் நான் கெர்கே கட்சி. வேகம் குறைந்தாலும் குழப்பம் கூடாது.

நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடினார்கள். மோர்ஸ் அதற்கு வெகு முன்பே, எழுத்தைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டருக்கு வழிவிட்டிருந்தது. அதனால் இதையெல்லாம் கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா?

பேத்தியிடம் சொல்: எழுத்துகளுக்கு நடுவே வேறு நிறத்தில் ஒரு மணி கோத்தால் போதும். இடைவெளியே வேண்டாம் என்றால் எஸ்ஓஎஸ் கோக்கட்டும். 1906-இல் பெர்லின் மாநாட்டில் ஏற்ற அந்த அபாயக் குறியை மூன்று எழுத்தாகப் பிரிக்காமல் ஒரே ஓட்டமாகத்தான் அடிக்க வேண்டும். 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்' என்ற விரிவெல்லாம் பிறகு ஒட்டவைத்தது.

நிற மணி அங்கே கிடைக்காவிட்டால் எழுது. கடைத்தெருவில் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜு