திரையா, கரும்பலகையா என்பதல்ல கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளி வகுப்பறையில் ஊடாடும் இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் திரை வேண்டுமா, வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகின்றன. எந்தக் கருவி, எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரம் என்பதை அதே அக்கறையோடு நாம் பேசுவதில்லை.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) என்னும் கணித, அறிவியல் கற்றல் இணையத் திட்டத்தில், பின்னங்களைக் கற்பதற்கான இலவசக் கருவிகள் உள்ளன. வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்று துண்டுகளை இழுத்து வைக்கும் குழந்தை, அதையே எட்டாகப் பிரித்தால் ஆறு துண்டுகள் தேவைப்படுவதைத் தானே கண்டுகொள்கிறது. தவறாக வைத்தாலும் கூச்சமின்றி மீண்டும் முயல்கிறது. கரும்பலகையில் வரைந்து காட்டும்போது, பிரித்துப் பார்க்கும் வேலையை ஆசிரியரே செய்து முடித்துவிடுகிறார். (நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் செய்தேன்.)

விரைவாக விடையளிப்பவருக்குக் கூடுதல் புள்ளி தரும் வினாடி வினாக் கருவிகளைக் குறித்துத்தான் எனக்குத் தயக்கம் உண்டு. நிதானமாக யோசித்துச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்த குழந்தையும் பட்டியலின் அடியில் தன் பெயரைக் காண நேர்கிறது. ஏழு வயதில் அது சிறிய வருத்தமல்ல. நேர வரம்பை நீட்டவோ, தரவரிசையை மறைக்கவோ வசதியுள்ள கருவிகளையே ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம்.

குழந்தையின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கும் கருவியில், பெற்றோரின் ஒப்புதலின்றிப் பள்ளிகள் கணக்குத் தொடங்கக் கூடாது. பெயர் பதிவு செய்யாமலே இயங்கும் கருவிகளும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்