தீக்குச்சி செருகிய மின்கம்பிகள்

ஆசிரியருக்கு,

மழைக்கால மின் விபத்துகளைத் தவிர்ப்பது குறித்து மின்வாரியம் விடுத்துள்ள அறிவுரைகளைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள் என்பது சரிதான். ஆனால் ஈரத்தரையில் நின்று துளையிடும் இயந்திரத்தைக் கையில் பிடித்திருக்கும் தொழிலாளியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சுவிட்சுப் பலகையில் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அந்த 16 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் துண்டிக்கும்; மனித உயிரைப் பறிக்கவோ 50 மில்லி ஆம்பியரே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான் அந்த இடத்தில் ஆளைக் காப்பாற்றும்.

செங்கோட்டையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற சாரல் பருவத்தில், புளியரையில் ஒரு வீட்டு வேலைக்கு உலோக உடல் கொண்ட பழைய டிரில்லிங் மெஷினை நாள் வாடகைக்கு எடுத்தோம். அதில் பிளக் இல்லை, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் பச்சை நிற எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது, மற்ற இரு கம்பி முனைகளையும் சாக்கெட் துளைகளில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார் என்னுடன் வேலை செய்யும் தம்பி. பார்த்தும் தடுக்காமல் விட்டது என் தவறு. மின்சாரம் தாக்கிச் சாரத்திலிருந்து விழுந்த அவர் உயிர் பிழைத்தார். இரண்டு நாள் வலது கை மரத்துப் போயிருந்தது. (சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்பு இயந்திரங்களுக்கு எர்த் தேவையில்லை, மற்றவற்றுக்குக் கட்டாயம் தேவை.)

எனவே, மின்கருவிகளை வாடகைக்கு விடும் கடைகள் முழுமையான பிளக்குடனும், ஆர்.சி.சி.பி. பொருத்திய நீட்டிப்புப் பெட்டியுடனும் மட்டுமே அவற்றைத் தர வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாக்க உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும்.

- பட்டறை உரிமையாளர், செங்கோட்டை