அதைச் சூடு என்று விட்டுவிடாதே

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாலு பக்கம். பேரன் நடக்கத் தொடங்கியது, மருமகளுக்கு வேலை மாறியது, மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குவது என்று மூன்றே முக்கால் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாய். "தீட்டு நின்று பன்னிரண்டு வருஷமாச்சு, போன மாசம் ரெண்டு நாள் லேசாகப் பட்டது, சூடாக இருக்கும், வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன், நின்றுவிட்டது." அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். பின்னால் பேரன் அழுவான், "அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முழுக்கப் படிப்பாய். அதனால்தான் நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். மார்கழிப் பனி இந்த வருஷம் கடுமை. பிள்ளைகள் இரண்டும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். அவர்கள் எழுவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

வசந்தா, அது சூடு இல்லை. தீட்டு முழுசாக நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா சொன்னது இது. இப்படி வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்குமாம். வயதாகி உள்தோல் மெலிந்திருக்கும், இல்லை சின்னதாகச் சதை வளர்ந்திருக்கும். மீதி ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருக்கலாம். அந்த ஒருத்தி யார் என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பையின் உள்பக்கத் தோல் எத்தனை தடிமன் என்று ஸ்கேனில் அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடுகிற நோய் இது. இரண்டு நாளில் நின்றுவிட்டது என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குப் புரியும். என் மகளும் சூடு என்றுதான் சொன்னாள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உனக்கும் முழுக்கதை நான் சொன்னதில்லை, சொல்ல வாய் வரவில்லை. மருமகன் விபத்தில் போனபோது சின்னவனுக்கு ஒன்றரை வயது. அதற்கப்புறம் அவள் நூல் மில்லுக்குப் போனாள். வெள்ளைபட்டது, வாடை வந்தது, தேதிக்கு நடுவில் ரத்தமும் பட்டது. மில்லில் நின்றே வேலை பார்ப்பதால் சூடு என்று மோரைக் குடித்தாள். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் படுக்க வைத்துப் பார்க்கவே இல்லை, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக மதுரைக்குப் போனபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் பக்கத்துச் சதைக்கும் பரவியிருந்தது. கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்தார்கள். பத்து மாதம் இருந்தாள். முப்பத்தைந்து வயது.

அந்த நோய் ஒரே நாளில் வருவது இல்லையாம். ஒரு கிருமி உள்ளே தங்கி, புற்றாக மாறப் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகுமாம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வினிகரில் இருக்கிற காடித் திராவகத்தைத் தண்ணீரில் கரைத்துக் கருப்பைவாயில் தடவிப் பார்க்கிறார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் சோதனைக்கு அனுப்புகிறார்கள். சில நிமிஷ வேலை, காசும் கிடையாது. நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்த பள்ளிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான் வசந்தா. தினமும் அதைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். மகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போகத் தோன்றவில்லை. அப்படி ஒரு பரிசோதனை இருப்பதே எனக்குத் தெரியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதுவும் உனக்குச் சொல்லாததுதான்.

மகள் போன நாளிலிருந்து சின்னவன் ராத்திரி ஆனால் அம்மா வேண்டும் என்பான். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் நடப்பேன். இறக்கிவிட்டால் விழித்துக்கொள்வான். மாதக்கணக்கில் நடந்தேன். அந்த வருஷம்தான் அடிவயிற்றில் கனம் தெரிந்தது. காலையில் சும்மா இருக்கும், சாயங்காலமானால் கீழே ஏதோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் கைக்குத் தட்டுப்பட்டது. இருமினால், தும்மினால் மூத்திரம் கசிந்தது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். பஸ் ஏறுவதை விட்டேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத காலத்தில் நான் பஸ் ஏறப் பயந்துகொண்டு வீட்டிலேயே கிடந்தேன். உன் மகன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வரவில்லை என்று கோபித்தாயே, காரணம் இதுதான்.

யாரிடம் சொல்வது? எங்க வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது? மகள் இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு யார் பொங்கிப்போடுவது என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே.

கண்டுபிடித்தது மாத்திரை கொண்டு வருகிற பெண். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிறவள் நம் ஊர் மகளிர் குழுப் பெண்தான், என் பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்தவள். "டீச்சர், ஏன் ஒருக்களிச்சு உட்காருறீங்க?" என்று கேட்டாள். நான் டீச்சர் இல்லை என்றாலும் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும். அவள் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் அவளே கூட்டிப்போனாள்.

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மூன்று பிரசவம், ஒவ்வொன்றிலும் பச்சை உடம்போடு தண்ணீர் சுமந்தது, தீட்டு நின்றபின் உள்தசை தளர்ந்தது, அதற்கு மேல் இந்தச் சுமை. "பையன் எடை எவ்வளவு?" என்று கேட்டார். பத்தொன்பது கிலோ என்று சட்டென்று சொன்னேன். "உங்கள் எடை?" எனக்குத் தெரியவில்லை. ரத்தம் 8.4 இருந்தது, குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். எத்தனையோ வருஷம் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பருப்பும் முட்டையும் கணக்கு எழுதியவள் நான். வீட்டில் முட்டை அவித்தால் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, அவருக்கு ஒன்று, அதோடு சட்டி காலி. எனக்கு என்று ஒன்று வைக்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. இப்போது நாலு முட்டை வேகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். அதை டீயோடு போட்டால் உடம்பில் ஒட்டாது என்றார்கள், அதனால் சாப்பிட்டதும் டீ குடிப்பதையும் விட்டுவிட்டேன்.

இப்போதைக்கு உள்ளே ரப்பர் வளையம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். ரிங் என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கழுவி மாற்றிக்கொள்ள வேண்டும். வைத்த அன்று சாயங்காலம் முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தேன். உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு பயிற்சியும் சொல்லித் தந்தார்கள், நீயும் செய். மூத்திரத்தை அடக்குவது போல உள்ளே இறுக்கிப் பிடித்து, ஐந்து எண்ணி, மெதுவாக விட வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. பேரனுக்குச் சோறு ஊட்டும்போது உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

சின்னவனைத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனிடம் சொன்னேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்போது ஆட்டுக்கல் மேல் ஏறி நின்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். அதற்கு ஒன்றும் தடை இல்லை.

உன் மருமகள் எனக்கும் சேர்த்து அனுப்பியிருந்த செய்தியைப் படித்தேன். மெல்போர்னில் 57-லிருந்து 68 வயது வரை உள்ள பெண்களைச் சோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு. வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஞாபகமும் புத்திக்கூர்மையும் நன்றாக இருந்தது, ஐந்து நாளும் அதற்கு மேலும் பார்க்கிறவர்களுக்குச் சில சோதனைகளில் குறைந்திருந்தது என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். நீ ஆறு நாள், நான் ஏழு நாள். பேரன் பேத்தி மருந்து என்று ஊரெல்லாம் சொல்கிறது, எனக்கும் அது உண்மைதான். இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் மகள் போன துக்கத்தில் நான் எழுந்தே இருக்க மாட்டேன். ஆனால் மருந்துக்கும் அளவு உண்டு இல்லையா? எனக்கு வேறு வழி இல்லை, இந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. உனக்கு வழி இருக்கிறது வசந்தா. வாரத்தில் இரண்டு நாள் உன்னுடைய நாள் என்று மகனிடம் கேள். கேட்டால் பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை. மூச்சு வாங்குவதையும் சும்மா விடாதே, ஒரு இ.சி.ஜி. எடு. நம் வயதில் அது முழங்கால் வலி மாதிரி இல்லை.

எங்க வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தபோது பெரியவளுக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்பியது அவர்தான். வயது எழுபது, ஆனால் கயிறு திரித்த கை, நன்றாகவே பின்னியிருக்கிறது. "அம்மாச்சியைவிட தாத்தா இறுக்கமாப் போடுறார், அவுறவே இல்லை" என்று பேத்தி இப்போது அவரிடமே போய் நிற்கிறாள். முன்பு மகள் படம் இருக்கிற சுவர்ப்பக்கம் அவர் திரும்பமாட்டார். இப்போது காலையில் அந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்து பின்னுகிறார்.

சின்னவனுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு கிடைக்கிறது. கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிடுகிறான், எனக்குக் காலையில் ஒரு அடுப்பு வேலை மிச்சம். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு மாதம் 2000 ரூபாய் தருகிற அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது, அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு இறப்புச் சான்றிதழையும் ஜெராக்ஸ் எடுக்கக் கடையில் நீட்டியபோது கை நடுங்கியது. அதைத் தவிர அலைச்சல் பெரிதாக இல்லை.

பெரியவளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. எந்த மாதமும் பெரிய மனுஷி ஆகலாம். போன வாரம் பாத்திரம் தேய்க்கும்போது கேட்டாள், "அம்மாவுக்கு எங்கே அம்மாச்சி நோய் வந்தது?" என்று. நம் அம்மாக்கள் என்றால் வாயை மூடு என்றிருப்பார்கள். நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சொன்னேன். எங்கே வந்தது, முதலில் என்ன தெரிந்தது, அம்மா ஏன் சொல்லாமல் இருந்தாள், எல்லாவற்றையும். பாவாடையில் எது பட்டாலும், எப்போது வலித்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும் என்றேன். "நீங்க எனக்குச் சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அப்புறம் என் ரிங்கைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். இப்போது ரிங் மாற்றுகிற தேதியைக் காலண்டரில் அவள்தான் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

அவள் அம்மாவுக்கு வந்த கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9-லிருந்து 14 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. புனேயில் செய்கிற செர்வாவாக் என்ற ஊசி என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பொங்கலுக்குள் ஒரு கிடாக்குட்டியை விற்று முதல் ஊசியைப் போட்டுவிடுவேன்.

எனக்கு ஆபரேஷன் மே மாதம் என்று பேசியிருக்கிறோம். ஆறு வாரத்துக்காவது குடம் தூக்கக் கூடாது, குனிந்து கூட்டக் கூடாது. முதல் இருபது நாளைக்கு என் தங்கை வருகிறாள். அதற்குப் பிறகு பத்து நாள் நீ வருவாயா? சமையல் அவர் பார்த்துக்கொள்வார், நீ என் பக்கத்தில் இருந்தால் போதும். பேரனையும் கூட்டி வா, பெரியவள் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அதற்கு முன்னால் உன் ஸ்கேன். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். படித்த கையோடு மருமகளிடம் கொடு, உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தால் அவளே படிக்கட்டும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போ. எந்தத் தேதியில் பட்டது, எத்தனை நாள், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போ, அங்கே போனால் நமக்கு எல்லாம் மறந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். அந்தத் தோல் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்.

சின்னவன் எழுந்துவிட்டான், ஆட்டுக்கல் பக்கம் வந்து நிற்கிறான்.

உன்,
பாண்டியம்மாள்