ஒரே பாய்

பட்டாளம், சென்னை

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். சென்ற ஞாயிறு மாலை நம் தெருவார் கூடி, 38 ஆண்டுகளாக நான் நடத்திவரும் மாலை வகுப்புக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொலைபேசியில் நீ விவரம் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

பேசியவர்கள் எல்லாரும் ஊர்ப் பெருமையைச் சொன்னார்கள். பின்னி மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதையும், திரு.வி.க. அதில் உழைத்ததையும், வாடியா மீது நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்ததையும் ஒருவர் மிக அழகாக விளக்கினார். கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை அவர் ஒரே வரியில் கடந்துபோனது என் மனத்தை உறுத்தியது.

ஏற்புரையில் அதைச் சொன்னேன். அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பியதும், பகை சாதிப் பகையாக மாறிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் நம் வரலாறுதான். உன் தாத்தா தறிக்கூடத்தில் வேலை செய்த காலத்திலும் அந்தப் புகை அடங்கியிருக்கவில்லை. யார் எந்தத் தெரு என்று பார்த்துத்தான் தண்ணீர்க் குவளை கை மாறும் என்று அவரே என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

நான் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு தெருப் பிள்ளைகள் தாங்கள் உட்காரச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், பாவம். மறுநாள் நான் திண்ணை முழுவதும் கொள்ளும்படி ஒரே கோரைப் பாயை விரித்து, சாக்குகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு தாய்மார்கள் வந்து சண்டை பிடித்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை ஒரு மாதம் அனுப்பவே இல்லை. பிறகு அவளே கொண்டுவந்து விட்டாள். நான் இத்தனை ஆண்டுகளில் செய்ததாக எதையாவது சொல்லலாம் என்றால் அந்தப் பாயைத்தான் சொல்வேன்.

1996இல் மில் மூடப்பட்ட பிறகு வந்த ஆண்டுகள் கொடுமையானவை. படித்துக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக மூட்டை தூக்கப் போனார்கள். வீடு வீடாகச் சென்று அழைத்தும் நான்கு பேரைத்தான் மீட்க முடிந்தது. அவர்களில் ஒருவன்தான் ஞாயிறன்று மேடையில் எனக்குப் பொன்னாடையைப் போர்த்தினான். அவன் கை நடுங்கியதை என் தோள் உணர்ந்தது.

உன் தாத்தா இருந்திருந்தால் பொன்னாடையின் ஓரத்தை முதலில் இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து, நூல் எப்படி என்று சொல்லியிருப்பார். அவருடைய பித்தளை மில் டோக்கனை அதன் மடிப்பில் வைத்துப் பீரோவில் பூட்டியிருக்கிறேன். எண் தேய்ந்துபோய்விட்டது, தடவினால் மட்டும் தெரியும். இரண்டும் உனக்குத்தான். டிசம்பரில் வரும்போது எடுத்துக்கொள். பேத்தியை ஒரு மாலையாவது பிள்ளைகளோடு பாயில் உட்கார வை.

ஆறரை ஆகிறது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

அன்புடன்,
அம்மா