ஜாகீர் வூஸ்டருக்குப் போன வருடம்

சேத்துப்பட்டு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு அக்காவின் மகன் வெள்ளிக்கிழமை மான்செஸ்டருக்குக் கிளம்புகிறான். பருப்புப் பொடியோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று மேட்ச் முடிந்து நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "பந்துவீச்சுல வேகம் போயிடுச்சும்மா. ஊருக்கு வந்து ஏதாவது வேலையில சேர்ந்துடுறேன்" என்றாய். வருவதானால் வா. உன் அறை அப்படியே இருக்கிறது. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் நம் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கானைப் பற்றி நான் எழுதுவதை ஒருதரம் படித்துவிடு. பத்து வருடம் உன் சுவரில் இருந்தவர்தான். நீ ஒட்டிவைத்தது 2011 உலகக் கோப்பைப் படம். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி.

மகாராஷ்டிரத்தில் ஸ்ரீராம்பூர் என்ற சின்ன ஊர் அவருக்கு. இன்ஜினியரிங் படிப்பை விட்டுவிட்டு வந்தவர். நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், எம்.சி.சி பள்ளி மைதானத்தில் இருந்த எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்து பயிற்சி மையத்தில்தான் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியிடமும் டி.ஏ.சேகரிடமும் பந்துவீச்சு பழகினார். அந்தக் காலத்தில் நான் துணி எடுக்கப் போகும்போது, நெடுநெடுவென்று வளர்ந்த பையன்கள் தோளில் பெரிய பையோடு டீக்கடையில் நிற்பார்கள். நமக்கும் ஒரு பையன் பிறந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்திருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2003 உலகக் கோப்பையில் இந்திய பவுலர்களில் அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான், 18. அப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் பைனல். நீ அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை, மடியில் இருந்தாய். முதல் ஓவரே 15 ரன். நோ-பாலும் வைடுமாகப் போனது. அவருடைய உடம்பு துடித்த துடிப்பு டிவியிலேயே தெரிந்தது. ஏழு ஓவரில் 67 ரன், ஒரு விக்கெட்கூட இல்லை. ஆஸ்திரேலியா 359 அடித்தது. நாடு முழுக்க அந்த ஒரு ஓவரைத்தான் பேசியது. அதற்கு முன் எடுத்த 18 விக்கெட் ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த டிசம்பரிலேயே பிரிஸ்பேனில் ஐந்து விக்கெட் எடுத்தார். உடனே தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. அடிலெய்டு டெஸ்ட்டில் இந்தியா ஜெயித்தபோது அவர் அணியில் இல்லை. அவர் இடத்தில் இர்பான் பதான் முதல் டெஸ்ட் ஆடினார். அவரும் இடக்கைதான், வயது 19. பிறகு ஆர்.பி.சிங் வந்தார், அவரும் இடக்கை. 2006 நடுவில் ஜாகீர் அணியிலேயே இல்லை. உனக்கு இது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் பெயர் இல்லாத பட்டியல் வந்த அன்றைக்கு, அதில் இருந்த அந்த இன்னொரு பையனின் பெயரைத்தான் நீ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் அவர் இங்கிலாந்துக்குப் போனார், வூஸ்டர்ஷயர் கவுண்டி அணிக்கு ஆட. வயது 27. குளிர், மேகம், நாலு நாள் மேட்ச், பார்க்க வருகிற கூட்டம் கொஞ்சம். நீ இப்போது போனில் சொல்வதெல்லாம்தான். அந்த சீசனில் 78 விக்கெட் எடுத்தார். எஸ்ஸெக்ஸுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் ஒன்பது.

ஆனால் கண்ணா, நான் உன்னைப் பார்க்கச் சொல்வது அந்தக் கணக்கை இல்லை. திரும்பி வந்தபோது அவர் முன்பைவிட வேகமாக வீசவில்லை. ஓடிவருகிற தூரத்தை, அந்த ரன்-அப்பை, குறைத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் ஓடிவந்து எகிறிக் குதித்து, உடம்பில் உள்ள அத்தனையையும் ஒரே பந்தில் கொட்டிவிடுவார். இப்போது மணிக்கட்டும் பந்தின் தையலும் பேசின. புதுப்பந்தில் வலக்கை ஆட்டக்காரருக்கு ஒன்று உள்ளே வரும், அடுத்தது வெளியே போகும், கையில் வித்தியாசமே தெரியாது. பழைய பந்தென்றால் ஓடிவரும்போதே இன்னொரு கையால் மூடிக்கொள்வார். பளபளப்பு எந்தப் பக்கம் என்று எதிரே நிற்பவருக்குக் கடைசிவரை தெரியக்கூடாது. நீ மொட்டைமாடியில் ரப்பர் பந்தை அப்படி மூடிக்கொண்டு ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறதா? அதை அவர் எந்தக் காலத்தில் கெட்டிப்படுத்தினார் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2006 டிசம்பரில் மறுபடியும் டெஸ்ட் ஆடினார். எங்கே தெரியுமா? ஜோகன்னஸ்பர்க்கில், அதே மைதானத்தில். தென்னாப்பிரிக்கா 84 ரன்னில் சுருண்டது. ஸ்ரீசாந்த் ஐந்து, ஜாகீர் மூன்று. தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் அது. அடுத்த வருடம் நாட்டிங்காமில் அவர் பேட் செய்ய வந்தபோது பிட்ச்சில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் ஜெல்லி மிட்டாய் போட்டு வைத்தார்கள். கோபப்பட்டார். ஆனால் அந்தக் கோபத்தை ரன்-அப்பில் காட்டவில்லை, பந்தில் காட்டினார். மேட்ச்சில் ஒன்பது விக்கெட். 2003-ல் இருந்த ஜாகீராக இருந்தால் அன்றைக்கும் வைடுதான் போட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

2011 பைனலை நீயே பார்த்தாய். முதல் ஐந்து ஓவரில் மூன்றில் ரன்னே இல்லை, மொத்தம் ஆறு ரன், இலங்கையின் தரங்கா விக்கெட். நீ தரையில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து எண்ணினாய். ஆனால் முடிவில் அவர் கணக்கு பத்து ஓவரில் 60 ரன். அதாவது கடைசி ஐந்து ஓவரில் 54. உன் சுவரில் இருந்த படத்துக்குள்ளேயே அந்த அடியும் இருக்கிறது. நாலு மாதத்துக்குள் லார்ட்ஸில் முதல் நாளே 13.3 ஓவரில் மறுபடி தசை பிடித்து வெளியேறினார். 2014-ல் வெலிங்டனில் கடைசி டெஸ்ட். நியூசிலாந்தின் மெக்கல்லம் 302 அடித்த இன்னிங்ஸில், 35 வயதில், 51 ஓவர் வீசி ஐந்து விக்கெட் எடுத்தார். மொத்தம் 92 டெஸ்ட், 311 விக்கெட்.

இப்போது எனக்குக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு 19 வயதில் முதுகெலும்பில் விரிசல் என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, டாக்டரிடம் நான் முதலில் கேட்டது "எப்ப மறுபடி பந்து போடலாம்?" என்றுதான். வலிக்கிறதா என்று உன்னைக் கேட்கவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதற்கப்புறமும் ஒவ்வொரு ராத்திரியும் "இன்னிக்கு ஸ்பீடு எவ்வளவு?" என்று கேட்டேன். 138 என்றால் எனக்கு முகம் மலரும். 129 என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பேன். வேகம் போய்விட்டால் நீயே போய்விட்டது மாதிரி உனக்குத் தோன்றுவதில் என் பங்கு இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

உன் வெள்ளை பேன்ட்கள் இரண்டு இங்கே பீரோவில் இருக்கின்றன. பந்தைத் தேய்த்துத் தேய்த்துத் தொடையில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு. சவர்க்காரம், எலுமிச்சை, வெயில் எல்லாம் போட்டும் போகவில்லை. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். பழைய பேன்ட்டில் கறை பெரிய வட்டமாக, கலைந்து கிடக்கிறது. போன வருடத்து பேன்ட்டில் சின்னதாக, ஒரே இடத்தில், அடர்த்தியாக இருக்கிறது. நீ பந்தை முன்பைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று தையல்காரியான எனக்குத் தெரிகிறது. உன் கை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வேகமானியில் அது காட்டாது.

பன்னிரண்டு வயதில் என் தையல் மிஷின் டிராயரிலிருந்து அளவு நாடாவை எடுத்துப்போய் ரன்-அப் அளந்தாயே, இருபத்திரண்டு அடிவைப்பு. அன்றிலிருந்து அதை நீ மாற்றவே இல்லை. அந்த நாடாவைப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கிறேன். முனை கொஞ்சம் பிய்ந்திருந்தது, தைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வலைப்பயிற்சி என்றாய் இல்லையா, பதினாறு அடிவைப்பிலிருந்து ஓடிவந்து பார். முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டும் போனில் சொல். ஸ்பீடு நான் கேட்க மாட்டேன்.

பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடு. அங்கே கிடைக்கவில்லை என்றால் சொல், அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா